சாக்குக்கடை ராவுத்தரின் மருமகன்

“சார், மச்சான் போயிட்டாக.”

காலையில் கதவைத் திறந்ததும் சிக்கந்தர் சொன்னது இவ்வளவுதான். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே தெருவில் நின்றார்.

விருதுநகர் கடைவீதியில் சாக்குக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் ராவுத்தர் ‘மச்சான்’ என்று சொன்னது வேலாயுதத்தை. பர்மாவில் பிறந்து, சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியராக இருந்த, திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டாத வேலாயுதத்தை. அவருக்கு இவன் எப்படி மச்சான் ஆனான் என்பது இந்த ஊரில் ஒரு தலைமுறைக்குத் தெரியும். அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. தெரியாதவர்கள்தான் இப்போது அவனுக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

இந்த நினைவு மலரைத் தொகுப்பவர், இறந்தவரை ‘அவர்’ என்று எழுதும்படி சொல்லி அனுப்பினார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டவனை, இறந்துபோன ஒரே காரணத்துக்காக என்னால் ‘அவர்’ ஆக்க முடியாது. அவனும் விரும்பமாட்டான்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் வேலாயுதத்தை ‘இந்த மண்ணின் மைந்தர்’ என்றார்கள். இந்த மண் அவனை எப்படி வரவேற்றது என்று எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எல்லாம் நினைவிருக்கும். அது ஒரு வியாதி என்று என் அண்ணன் தம்பிகள் சொல்வார்கள். அதாவது, என்னோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் சொல்வார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் வேலாயுதம் விருதுநகருக்கு வந்து சேர்ந்தான். அது அவன் அப்பாவுக்குச் சொந்த ஊர். அவனுக்கு அந்நிய தேசம். பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் பிறந்தவன், மோல்மேன் கல்லூரியில் ஒரு வருஷம் படித்தவன், இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருந்தான். அங்கே அப்பாவின் ஜவுளிக்கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. குடும்பம் முழுவதும் ஒரே சமயத்தில் கிளம்ப அனுமதி கிடைக்கவில்லை. மூத்தவன் முதலில் போய் இடம் பிடிக்கட்டும் என்று கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய திட்டம் எளிமையானது: பட்டம் வாங்க வேண்டும், வேலையில் சேர வேண்டும், ஒரு வீடு பிடிக்க வேண்டும், அப்பா அம்மா தங்கையை வரவழைக்க வேண்டும். ரயில் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று சொல்வதைப் போல இதைச் சொல்வான். ஒரு ஊரில் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் அவனை முதலில் பார்த்தது ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கட்டம் போட்ட கைலியும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுமாக ஒருவன் மேசையில் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, என்ன வேணும்? யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீக?”

“டீ வரும்னு உட்கார்ந்திருக்கேங்க.”

“சொன்னாத்தானே வரும்?”

“காசு டீ சொன்னா வரும். சும்மா டீ எங்கே இருக்கு?”

பர்மாவில் டீக்கடை மேசைக்கு மேசை வெறும் தேயிலைத் தண்ணீர் ஒரு கெண்டியில் இருக்குமாம். யாரும் ஊற்றிக் குடிக்கலாம், காசு கிடையாதாம். இதைக் கேட்டதும் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“சும்மா டீயா? ஏலே, இந்த ஊர்ல சும்மா தண்ணியே கிடையாதுலே!”

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எங்களைவிட அதிகமாகச் சிரித்தவன் வேலாயுதம்தான். சிரித்து முடித்து, “அப்போ காசு டீயே கொடுங்க” என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீங்க காலேஜா? அங்கே கெமிஸ்ட்ரி இருக்கா?” என்று கேட்டான். இருக்கிறது என்றேன். கெமிஸ்ட்ரியை நானே கண்டுபிடித்துக் கொடுத்ததைப் போல என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அவனுக்கு ஊரில் இருந்த ஒரே சொந்தம் ஒரு சித்தப்பா, அப்பாவின் பங்காளி. மல்லி, வத்தல் மண்டி வைத்திருந்தார். அண்ணன் மகனை மண்டிக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தார். அந்த நாட்களில் வேலாயுதம் பேசியதைவிடத் தும்மியதுதான் அதிகம். “எங்க ஊர்ல மழையில படுத்துத் தும்முவோம். இங்கே காய்ஞ்சு கிடக்கிற இடத்துல தும்ம வைக்கிறாங்க, பெரிய விஷயம்தான்” என்பான். அந்த மண்டி முதலாளியின் பிள்ளைகள் இந்த மலரை வாங்குவார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

பங்குனிப் பொங்கல் வந்தது. சாமிக்குப் பொங்கல் வைத்து முடிந்த மறுநாள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு பெண்கள் சந்துமுனையில் காத்திருப்பார்கள். மாமன், மச்சான், அத்தை மகன் என்று முறை உள்ளவன் யாராவது வந்தால் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். முறை இல்லாதவன் மேல் ஒரு துளி பட்டாலும் வம்பு. இது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால்தான் வேலாயுதத்துக்கும் யாரும் சொல்லவில்லை.

பர்மாவில் சித்திரை வருஷப் பிறப்புக்குத் தண்ணீர்த் திருவிழா. ஊரே தெருவுக்கு வந்து ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். முறையாவது ஒன்றாவது! போலீஸ்காரரும் நனைவார். பெரியவர்களுக்கு மட்டும் ஒரு மரியாதை: பூ மிதக்கும் தண்ணீரை மெதுவாகத் தோளில் ஊற்ற வேண்டும். வேலாயுதம் அன்று காலை கிட்டங்கியிலிருந்து வெளியே வந்து, பெண்கள் சொம்போடு ஓடுவதைப் பார்த்திருக்கிறான். வந்த நாளிலிருந்து அந்நியமாக இருந்த ஊர் ஒரே கணத்தில் சொந்த ஊராகிவிட்டது. உள்ளே ஓடினான். சித்தி பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தான். மற்றவர்களைப் பார்த்து மஞ்சளைக் கரைத்தான். சாமி படத்தில் இருந்த மல்லிகையை உதிர்த்துப் போட்டான். தெருவில் இருந்தவர்களில் மிகவும் மரியாதைக்குரியவர் யார் என்று தேடினான்.

அந்த நேரத்தில் கடைவீதியில் வந்துகொண்டிருந்தவர் மீரான் ராவுத்தர். சிக்கந்தரின் அத்தா. சாக்குக்கடை அப்போது அப்பா கையில் இருந்தது. வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சாக்கு வியாபாரத்தில் இருந்துகொண்டு ஒரு தூசி ஒட்டாமல் நடப்பவர். அவர் கோபத்துக்கு மண்டிக்காரர்களே பயப்படுவார்கள். நான் முக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலாயுதம் அவர் முன்னால் போய், பணிந்து, முழுச் சொம்பையும் அவர் தோளில் நிதானமாக ஊற்றினான். பாதியில் நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

எதிரே தெருக்குழாயடியில் நின்ற பெண்கள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏலே,” என்றார் ராவுத்தர். “யாருலே நீ?”

“வேலாயுதம் ஐயா. மோல்மேன்.”

“மோல்மேன்ல மனுசனைச் சட்டையோடதான் குளிப்பாட்டுவாகளோ?”

“பெரியவங்க தோள்ல ஊத்தினா அவங்க கஷ்டமெல்லாம் கழுவிப் போயிரும் ஐயா. இந்தத் தெருவிலேயே நீங்கதான் பெரியவரா தெரிஞ்சீங்க.”

ராவுத்தர் தாடியில் ஒட்டியிருந்த மல்லிகையை எடுத்துப் பார்த்தார். குழாயடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: “ராவுத்தரய்யா, மருமகன் வந்தாச்சு! சீர் செய்ய வேண்டியதுதான்!” இன்னொருத்தி, “மருமகன் நல்லாத்தான் இருக்கான், மாமன்தான் சொட்டச் சொட்ட நிக்காக!” என்றாள். தெருவே சிரித்தது.

ராவுத்தர் சட்டை நுனியைப் பிழிந்தார். “கஷ்டம் கழுவிப் போச்சோ என்னமோ, கஞ்சி கழுவிப் போச்சு” என்றார். வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலமே சித்தப்பா வேலாயுதத்தின் பெட்டியை மண்டி வாசலில் வைத்துவிட்டார். ராவுத்தரிடம் சாக்கு வாங்குகிறவர் அவர். “ராவுத்தர் மேல தண்ணி ஊத்துன பயலை வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படி அவர் முகத்துல முழிக்கிறது?” என்பது அவர் சொன்ன காரணம். ஒரு காரணம் கிடைக்காதா என்று மாசியிலிருந்தே தேடிக்கொண்டிருந்தார் என்பது என் கருத்து.

பெட்டியோடு என் அறைக்கு வந்தவனை நான் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கோடை விடுமுறை. என் அப்பா அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவனையும் அங்கே காகிதக் குழாய் சுருட்டும் வேலையில் சேர்த்துவிட்டார். தீபாவளி ஆர்டர் தொடங்கும் நேரம். ஆள் தேவையாக இருந்தது. ‘பர்மா’ என்பதே அவன் பெயராயிற்று. குழாய் சுருட்டும் பெண்கள் அவனை வைத்து எந்நேரமும் சிரித்தார்கள். அவன் சுருட்டிய குழாய் முதல் வாரம் ஒன்றுகூட நேராக இல்லை.

ஒரு நாள் மத்தியானம் கோடை மழை திடீரென்று இறங்கியது. களத்தில் திரிகள் தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஆள் ஆளுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒருவன் மட்டும் நடுக்களத்தில் முகத்தை வானத்துக்குக் கொடுத்து, கையை விரித்து நின்றான்.

“ஏலே பர்மா!” அப்பா கத்தினார். “அங்கன என்னலே செய்யுற? தட்டைத் தூக்கு!”

“மழை ஐயா! மழை!”

“மழைதான்லே! அதுக்குத்தானே தூக்கச் சொல்லுதேன்!”

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் விளக்கினான். மோல்மேனில் ஆறு மாதம் மழை கொட்டும். இங்கே வந்து அன்றுதான் முதல் மழையைப் பார்த்தான். அப்பாவுக்கு நம்ப முடியவில்லை.

“ஆறு மாசமா? அம்புட்டு மழையில வெடி எப்படிலே காயும்?”

“நாங்க வெடி போடமாட்டோம் ஐயா. பெரிய காகிதப் பலூன் செஞ்சு, உள்ளே தீ வச்சு, ஆகாசத்துல பறக்க விடுவோம். காத்து எந்தப் பக்கம் கொண்டு போகுதோ அந்தப் பக்கம் போகும். இங்கேயும் ஒண்ணு செய்யலாமான்னு…”

அப்பா சோற்றில் இருந்து கையை எடுத்தார். சுற்றிலும் எத்தனை கம்பெனி, எத்தனை மருந்து அறை என்று அவருக்குத் தெரியும்.

“இதை இந்த ஊர்ல வேற யார்கிட்டயாவது சொன்னியாலே?”

“இல்லை ஐயா.”

“சொல்லாத. சோத்தைத் தின்னு.”

அந்தக் கோடையில்தான் நான் அவனிடம் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டேன். உனக்குக் கோபம் வரவில்லையா என்றேன். “ரங்கூன் துறைமுகத்துல எல்லாத்தையும் சோதிச்சுப் பிடுங்கிட்டுத்தான் கப்பல்ல ஏத்துனாங்க. கோபத்தையும் அங்கேயே வாங்கி வச்சுக்கிட்டாங்க போல. நீ வேணும்னா எனக்காகக் கோபப்பட்டுக்கோ” என்றான். நான் ஒப்புக்கொண்டேன். கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

கல்லூரி திறக்கும் நேரம் வந்தது. அவனிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. எல்லாம் துறைமுகத்தோடு போயிற்று. எங்கள் கல்லூரி முதல்வர் அவனை உட்கார வைத்துத் தாமே கேள்வி கேட்டார். பதிலில் திருப்திப்பட்டு, இடம் தரலாம் என்றார். சிக்கல் அலுவலகத்தில் வந்தது. அங்கிருந்த கண்காணிப்பாளர் விதியைத் தவிர வேறெதையும் வணங்காதவர். தகப்பனார் வெளிநாட்டில், சான்றிதழ் இல்லை, எனவே உள்ளூரில் உறவுக்காரர் ஒருவர் நேரில் வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றார். சித்தப்பா மறுத்துவிட்டார். என் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு விஸ்வநத்தத்திலிருந்து வந்தார்.

“நீங்க இவருக்கு என்ன உறவு?”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. “உறவு இல்லீக. எங்க வீட்டுல சோறு திங்கான்” என்றார்.

“அது உறவில்லை” என்றார் கண்காணிப்பாளர். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னாளில் என் பேராசிரியர் பதவி மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனபோது என்னிடம் காரணம் சொன்னதும் அந்தக் குரல்தான். அதை இங்கே விரிவாக எழுத இடமில்லை.

கல்லூரி வராந்தாவில் தூண் ஓரமாக உட்கார்ந்தான் வேலாயுதம். அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். “கப்பலேறும்போது அம்மா சொன்னாங்க: பயப்படாதே, அது நம்ம ஊரு, ஆளுங்க இருப்பாங்கன்னு. ஊரு நிறைய ஆளுங்க இருக்காங்க. எனக்குத்தான் யாரும் இல்லை” என்றான். இந்த வருஷம் சேரவில்லையென்றால் அகதி முகாம்தான். அங்கே போய்விட்டால் எந்தக் கல்லூரி, எந்த வேலை? மோல்மேனில் இருக்கும் மூவரை யார் அழைப்பது?

முதல்வர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். “ஏம்ப்பா, இவ்வளவு பெரிய ஊரில் உனக்கு உறவு என்று ஒருவர்கூடவா இல்லை?”

வேலாயுதம் எழுந்து, யோசித்து, உள்ளதைச் சொன்னான். “சாக்குக்கடை ராவுத்தரை என் மாமான்னு ஊருக்குள்ள சொல்றாங்க சார்.”

அலுவலகத்தில் சிரித்தார்கள். முதல்வர் சிரிக்கவில்லை. “அப்படியானால் அவரை அழைத்து வா. நாளை மத்தியானம்வரை இடத்தை வைத்திருக்கிறேன்” என்றார்.

நானும் அவனும் சாக்குக்கடைக்குப் போனோம். பங்குனியிலிருந்து ஊர் ராவுத்தரை விடவில்லை என்று எனக்குத் தெரியும். ‘மருமகன் சௌக்கியமா?’ என்று கேட்காமல் யாரும் அவரிடம் ஒரு சாக்குகூட வாங்கியதில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாலே! நீ ஊத்துனது ஒரு சொம்பு. மூணு மாசமா இந்த ஊரு என் தலையில ஊத்துறது ஒரு கண்மாய்! இன்னும் என்ன பாக்கி?”

வேலாயுதம் விஷயத்தைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே சாக்கை மடித்தார். “உன் சித்தப்பன் மண்டி வச்சிருக்காரே, அவருக்கு என்ன?”

“அவர் என்னை வெளியே அனுப்பிட்டார் மாமு. உங்க மேல தண்ணி ஊத்தினதுக்காக.”

“யாரைக் கேட்டுலே மாமுங்குற?”

“ஊரைக் கேட்டுத்தான்.”

ராவுத்தர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் மனம் முந்தைய வார்த்தையிலேயே நின்றுவிட்டது. “என்ன சொன்ன? என் சட்டை நனைஞ்சதுக்காகவா உன்னை வெளிய தள்ளினாரு?”

“ஆமா.”

“நனைஞ்சது நான். கோபப்படுறதுக்கு அவரு யாரு?” மடித்த சாக்கை உதறி மறுபடி மடித்தார். “என் சட்டையைச் சாக்காச் சொல்லி ஒரு பிள்ளையைத் தெருவுல நிறுத்துறதா? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

கடைக்குப் பின்னால்தான் வீடு. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “வாசல்ல நிறுத்தி வச்சா பேசுறீக? மருமகப்பிள்ளைக்கு ஒரு வாய் டீயாவது கொடுத்தீகளா?”

ராவுத்தர் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தம்முடைய வீடும் ஊரோடு சேர்ந்துகொண்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “குடிங்கலே” என்றார்.

மறுநாள் கல்லூரிக்கு அவர் வந்த கோலத்தை நான் மறக்கமாட்டேன். கஞ்சி போட்ட சட்டைதான். ஆனால் இடது தோளிலிருந்து பாதி முதுகுவரை மஞ்சள் கறை. எவ்வளவு வெளுத்தும் போகாமல், மூலையில் கிடந்ததாம். “அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க” என்று திரைக்குப் பின்னாலிருந்து உத்தரவு. அந்தச் சட்டையோடு கடைவீதி முழுக்க நடந்து வந்திருக்கிறார். கூடவே ஒரு கூட்டம்.

“ராவுத்தரே, இது விளையாட்டில்லை” என்றார் கண்காணிப்பாளர். “இவர் உங்களுக்கு எப்படி உறவு?”

“பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் என் மேல மஞ்சத்தண்ணி ஊத்தினான்.”

“தண்ணி ஊத்தினா உறவாயிருமா?”

“முறை இல்லாதவன் மேல ஊத்தலாமா?”

“கூடாது.”

“ஊத்தினான்ல? ஊரே பாத்துச்சு. உங்க வீட்டம்மாவும் குழாயடியில நின்னாக, கேட்டுப் பாருங்க. நான் அவனை அடிச்சேனா?”

“இல்லை.”

“வைதேனா?”

“இல்லை.”

“முறை இல்லாதவன் ஊத்துனா சும்மா விடுவாகளா? அப்ப நான் யாரு?”

கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மஞ்சள் தண்ணீருக்கு அதில் விதி இல்லை. படிவத்தை ராவுத்தர் பக்கம் நகர்த்தினார். முதல்வர் அறையின் அரைக்கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமும் சத்தம் கேட்டது. ராவுத்தர் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கொடுத்துவிட்டு, “உறவு என்னன்னு எழுதுற இடத்துல தாய்மாமன்னு போட்டிருக்கேன். யாராவது அழிச்சா நான் திரும்ப வருவேன்” என்றார். வெளியே வந்ததும் வேலாயுதம் அவர் காலைத் தொடப் போனான். “தள்ளி நில்லு. உன் கையில சொம்பு இருக்கான்னு முதல்ல பாக்கணும்” என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவன் சொன்ன ஊர்களில் ரயில் ஒவ்வொன்றாக நின்ற கதைதான். பட்டம் வாங்கினான். வேதியியலில் முதல் இடத்தையும் வாங்கினான். அது எனக்கு வரவேண்டியது. அவன் சாவுக்குப் பிறகும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ராவுத்தர் வீட்டில் சாப்பாடு. என்னையும் இழுத்துக்கொண்டு போவான். ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் மறுநாள் ஒரு சொம்பு தண்ணீரோடு சாக்குக்கடைக்குப் போவான். ராவுத்தர் காலையிலிருந்தே அந்தக் கறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எதுவும் தெரியாதவரைப் போலக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஊற்றியதும், “ஏலே, யாருலே அது!” என்று கத்துவார்.

சிவகாசியில் வேலை கிடைத்தது. வீடு பிடித்தான். அறுபத்தொன்பதில் அப்பா, அம்மா, தங்கை மூவரும் விருதுநகர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். மகனின் கடிதங்களில் ‘மாமு’, ‘மாமு’ என்று படித்துப் படித்து அம்மா குழம்பிப் போயிருந்தார். அவருக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. நடைமேடையில் தாடியும் தொப்பியுமாக ஒருவர் முன்னால் வந்து, “வாம்மா தங்கச்சி” என்றார்.

அந்த அம்மாள் மூட்டையைக் கீழே வைத்தார். “அண்ணே, எனக்கு ஒரு கூடப்பிறந்தவன் இல்லையேன்னு எத்தனையோ நாள் அழுதிருக்கேன்.”

“இனிமே ஏன் இருக்கான்னு அழுவ. மூட்டையைக் கொடு” என்றார் ராவுத்தர்.

ராவுத்தர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. பள்ளிவாசல்வரை தோள் கொடுத்தவர்களில் வேலாயுதமும் ஒருவன். எந்த முறையில் என்று யாரும் கேட்கவில்லை.

வேலாயுதம் போன அன்று சிவகாசியில் அவன் வீட்டு முன்னால் கேட்டார்கள். குளிப்பாட்டி முடித்ததும் ஒரு பெரியவர், “தாய்மாமன் வீட்டுக் கோடி வந்தாச்சா?” என்று குரல் கொடுத்தார். மண்டிக்காரரின் மகன்கள் முன்வரிசையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சிக்கந்தர் தட்டில் புது வேட்டியும் துண்டுமாக வந்தார். பெரியவர் தொப்பியைப் பார்த்துத் தயங்கினார். வீட்டுக்குள்ளிருந்து வேலாயுதத்தின் அம்மா, எண்பதை நெருங்குகிறவர், கணீரென்று சொன்னார்:

“என் அண்ணன் வீட்டுக் கோடி வந்துருச்சு. வழி விடுங்க.”

வழி விட்டார்கள். நான் வெகுநாளைக்குப் பிறகு என் ஊரைப் பற்றி நல்லதாக ஒன்று நினைத்தேன்.

அவன் எனக்கு விட்டுப்போனது என்ன? அவனுக்காக நான் பட்ட கோபங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவை போக இன்னொன்றும் இருக்கிறது.

வருஷம் தவறாமல் பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் என் வீட்டுக்கும் அவன் சொம்போடு வருவான். “எனக்கும் உனக்கும் என்னடா முறை?” என்று வருஷம் தவறாமல் கத்துவேன். “முதல்ல ஊத்துவோம், முறை தானா வரும்” என்பான். இந்த வருஷம் அந்த நாள் வந்தது. என் வீட்டுக்கு விசேஷ நாட்களில் வருகிறவர்கள் யாரும் கிடையாது. வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு, பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையைக் கூடத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம்தான்.

சைக்கிள் மணி கேட்டது. இந்த முறை சிக்கந்தர் சைக்கிளை ஒழுங்காக நிறுத்தினார். கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து மூடிபோட்ட சொம்பை எடுத்தார்.

“சார், மச்சான் வீட்டுல இந்த வருசம் விசேஷம் கிடையாது. அதுக்காக உங்களை விட்டுற முடியுமா?”

கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். அந்தக் குடும்பத்துக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது.

“எனக்கும் உனக்கும் என்னப்பா முறை?” என்று கத்தினேன்.

“கத்துங்க சார், நல்லாக் கத்துங்க” என்றார் சிக்கந்தர். “கத்துவாருன்னு மச்சான் சொல்லியிருக்காக.”

அந்தச் சட்டையை நான் இன்னும் வெளுக்கப் போடவில்லை. தோளில் மஞ்சள் அப்படியே இருக்கிறது. என்றைக்காவது ஏதாவதொரு அலுவலகத்தில், இந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் போட்டுக்கொண்டு போக வேண்டும்.